ரெயில் மேல் குறுக்கே திரும்பியதும் கால் ஏன் முன்னால் ஓடிவிடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது. (ரெயில் என்பது ஸ்கீயோடு ஏறிச் சறுக்குவதற்காகப் பனியில் நிறுத்திவைத்த குறுகலான இரும்புத் தண்டு.) இரண்டு சீசனாக ஸ்கீ செய்கிறீர்கள். செங்குத்தான சரிவிலும் பேரலல் டர்ன் (இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்புவது) போட்டு இறங்கிவிடுகிறீர்கள். பார்க்கில், அதாவது ரெயில் போன்றவற்றை வைத்து வித்தைகளுக்கென்றே ஒதுக்கிய பகுதியில், பெட்டி போன்ற அகலமான பாக்ஸ் மேல் நேராகச் சறுக்கவும் பழகியாயிற்று. ஆனால் ரெயில் மேல் குறுக்காகத் திரும்பி இறங்கினால் அரை வினாடிக்குள் இரண்டு காலும் முன்னால் ஓடிவிடுகின்றன, ஒவ்வொரு முறையும் பின்பக்க இடுப்பில் அடி. வீட்டில் ஒரு பேலன்ஸ் போர்டு (ஆடும் பலகை, மேலே நின்று சமநிலை பழகுவதற்கு) வாங்கிப் பழகினால் சரியாகுமா, எத்தனை நாளில் கைவரும் என்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "எனக்குப் பேலன்ஸே போதவில்லையோ?" அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதும். செங்குத்தான சரிவில் தடுமாறாமல் இறங்குகிறவரிடம் ஒரு குட்டி ரெயிலுக்கு வேண்டிய பேலன்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. உங்களைக் கீழே தள்ளுவது, பனியில் நீங்கள் மிக நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம். பார்க்கில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிற எனக்கு, ஓரளவு நன்றாக ஸ்கீ செய்யத் தெரிந்தவர்கள்தான் ரெயிலில் முதலில் அதிகம் விழுகிறார்கள் என்பது பழகிய காட்சி.

பனியில் ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து நிற்கும்போது, மேட்டுப் பக்கத்து எட்ஜ், அதாவது ஸ்கீயின் அடியோரத்து இரும்பு விளிம்பு, பனியைக் கொஞ்சம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டையாக வைத்தால் பள்ளத்துப் பக்கத்து எட்ஜ் பனியில் சிக்கி ஆளைக் கீழ்ப்பக்கமாகத் தூக்கி எறியும். கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாட்களிலேயே இந்த அடி எல்லோருக்கும் விழுந்திருக்கும். அதற்கப்புறம் உடம்பு அதை மறப்பதே இல்லை. ஸ்கீ குறுக்கே திரும்பிய கணமே முழங்கால்கள் மேட்டுப் பக்கம் சாய்ந்து எட்ஜைப் பிடித்துவிடும், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே. இப்போது ரெயிலுக்கு வாருங்கள். ரெயிலும் இரும்பு, ஸ்கீயின் எட்ஜும் இரும்பு. ஒன்றை ஒன்று கடிக்காது. பனியில் உங்களைத் தாங்கிய அதே சாய்வு இங்கே பிடிமானம் இல்லாமல் போகிறது. ஸ்கீ முன்னே ஓடுகிறது, உடம்பு பின்னே தங்குகிறது, நடுவில் இடுப்பு இறங்குகிறது. எப்போதும் பின்பக்கத்து இடுப்பிலேயே விழுகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். சில முறை முன்னாலும் சில முறை பின்னாலும் விழுகிறீர்கள் என்றால் வேறு காரணம் தேடியிருப்பேன்.

ஆகவே ரெயில் மேல் முதல் வேலை, இரண்டு ஸ்கீயின் அடியையும் தட்டையாக வைப்பது. "தட்டையாக வை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பிடிபடாது, அதனால் பாதத்தில் எங்கே தெரியும் என்று சொல்கிறேன். இடது காலை முன்னே விட்டுச் சறுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய பழக்கம் வேலை செய்தால் எடை முன் காலின் கட்டைவிரல் பக்கத்திலும், பின் காலின் சுண்டுவிரல் பக்கத்திலும் போய் உட்காரும். தட்டையாக இருந்தால் இரண்டு பாதத்திலும் இரு பக்கமும் ஒரே அழுத்தம் தெரியும். பலருக்கு முன் காலின் சுண்டுவிரல் பக்கத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தினால்தான் உண்மையில் தட்டையாகிறது. முதலில் அது தவறாகச் செய்வது போலவே இருக்கும்.

அடுத்து உடம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது. நேராக நிற்பதுதான் பேலன்ஸ் என்று நமக்கு ஒரு எண்ணம் உண்டு. படுக்கையாக இருக்கும் ரெயிலில் அது ஏறக்குறைய சரி. கீழ் நோக்கிச் சரிந்த ரெயிலில் சரியல்ல. உராய்வே இல்லாத சரிவில் சறுக்கும்போது நீங்களும் சரிவோடு சேர்ந்து வேகமெடுக்கிறீர்கள், அப்போது உடம்புக்கு "மேல்" என்பது வானம் இருக்கும் திசை அல்ல, ரெயிலுக்குச் செங்குத்தான திசை. உராய்வு கொஞ்சம் இருந்தால் அந்தக் கோட்டிலிருந்து சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்துக்கொண்டால் அந்தச் சாய்வு 6 டிகிரிக்கும் குறைவு. ஒரு குட்டிப் படுக்கை ரெயிலில் புதியவர்கள் சாதாரணமாகப் பின்னால் சாய்வது இதைவிடப் பல மடங்கு. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. இதைத் திருத்த நான் சொல்லும் ஒரே குறிப்பு: இரண்டு தோளையும் இணைக்கும் கோடு ரெயிலுக்கு இணையாக இருக்கட்டும். படுக்கை ரெயில் என்றால் தோள்கள் ஒரே மட்டத்தில். சரிந்த ரெயில் என்றால் முன் தோள் பின் தோளைவிடத் தாழ்ந்து. ஸ்லோப்ஸ்டைல் (ரெயில்களும் தாவுமேடுகளும் உள்ள பாதையில் நடக்கும் போட்டி) வீடியோக்களைப் பார்க்கும்போது சுழற்சிகளை விட்டுவிட்டு, ஸ்கீ ரெயிலைத் தொடும் அந்த முதல் கணத்தில் தோள்களை மட்டும் கவனியுங்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அலெக்ஸ் ஹால், மதில்ட் கிரெமோ இருவரின் ரெயில் பகுதியும் இதற்கு நல்ல பாடம். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இதுவரை சொன்னது ரெயில் ஓடும் திசையில் உள்ள பேலன்ஸ். அந்தத் திசையில் உங்களுக்குத் தோள் அகலத்துக்கு விரித்த இரண்டு கால்கள் இருக்கின்றன. தாராளமான ஆதாரம். சிக்கல் மற்ற திசையில், கால்விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில். அங்கே உங்களைத் தாங்குவது ரெயிலின் அகலம் மட்டும்தான். உருண்டைக் குழாய் என்றால் அதுவும் வெறும் ஒரு கோடு. வெறுங்காலில் நின்றால் கணுக்கால் சமாளிக்கும், ஆனால் ஸ்கீ பூட் கணுக்காலைக் கட்டிப்போட்டிருக்கிறது. இடுப்பாலும் கைகளாலும்தான் திருத்த முடியும், அதுவும் கொஞ்சம்தான். இந்தத் திசையில் யாரும் ரெயில் மேல் பேலன்ஸ் "செய்வதில்லை" என்றே சொல்வேன். அது ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஒரு சின்னக் கணக்கு: மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டர், ரெயிலை நோக்கி வெறும் 5 டிகிரி கோணலாக வருகிறீர்கள். ரெயில் மேல் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அரை வினாடியில் 20 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடுவீர்கள். பூட்டின் நடுவிலிருந்து குதிகால் வரை உள்ள தூரமே சுமார் 15 சென்டிமீட்டர். அப்புறம் உலகத்திலேயே சிறந்த பேலன்ஸ் இருந்தும் என்ன பயன்? ஆகவே ரெயில் கண்ணில் பட்டதும் நேராக ஓடிப்போய் ஏறாதீர்கள். ரெயிலின் கோட்டை மேல்நோக்கி மனதில் நீட்டி, அந்தக் கோட்டில் போய் நில்லுங்கள். கடைசிச் சில மீட்டருக்கு ஸ்கீ தட்டையாக, நேராக, எந்தத் திருப்பமும் இல்லாமல் வர வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். ரெயிலுக்கு ஏறும் மேட்டின் விளிம்பில் கடைசி நேரத்தில் ஒரு சின்ன பிரேக் போடுவது, கோணலாக ஏறுவதற்கு நேர்வழி.

வேகம் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து ஊர்ந்து வருவார்கள். உள்ளங்கையில் ஒரு கம்பை நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். அது சாயத் தொடங்கினால் சாய்வு தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகும். ரெயில் மேல் நிற்கும் உடம்பும் அப்படித்தான். உடலின் எடை மையம் 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் 1 சென்டிமீட்டர் விலகல், யாரும் திருத்தாவிட்டால், அரை வினாடியில் இரண்டரை சென்டிமீட்டர் ஆகும், ஒரு வினாடியில் 11 சென்டிமீட்டரைத் தாண்டும். இரண்டு வினாடிக்குக் கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை, ஆள் அதற்குள் கீழே கிடப்பார். 5 மீட்டர் ரெயிலை மணிக்கு 18 கிலோமீட்டரில் கடக்க ஒரு வினாடி, அதில் பாதி வேகத்தில் கடக்க இரண்டு வினாடி. தடுமாற்றத்தை உணர்ந்து உடம்பு எதிர்வினை தொடங்கவே வினாடியில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் இரண்டு பங்கு போய்விடும். அதாவது ரெயில் மேல் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சில திருத்தங்கள்தான். மனித உடம்பு கம்பு அல்ல, இடையில் கை கால் அசைத்துத் திருத்தும் என்பதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் சரி: குட்டி ரெயிலும் மிதமான வேகமும், நீள ரெயிலையும் ஊர்ந்து போவதையும்விட எளிது. மிதமான வேகம் என்றால் என்ன? பனியில் நிமிர்ந்து நின்று, நிதானம் தவறாமல், எதையும் பிடிக்காமல் விட்டுவிடக்கூடிய வேகம். அதற்கு மேல் வேண்டாம், விழுந்தால் வலி கூடும்.

அதே கம்புக் கணக்கில் இன்னொன்றும் தெரியவரும். நீளக் கம்பை நிறுத்துவது எளிது, பென்சிலை நிறுத்தவே முடியாது, ஏனென்றால் உயரம் குறைந்தது சீக்கிரம் சாயும். ஆகவே "நன்றாகக் குனிந்துகொள், பேலன்ஸ் வரும்" என்று பார்க்கில் கேட்கும் அறிவுரை பாதிதான் உண்மை. முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், சந்தேகமில்லை. ரெயிலில் இறங்கும் அதிர்வை வாங்கவும், ஸ்கீ ரெயிலை விட்டு எழும்பாமல் இருக்கவும் அது வேண்டும். ஆனால் மடங்க வேண்டியது முழங்காலும் கணுக்காலும். இடுப்பில் மடங்கி, பின்புறத்தை வெளியே தள்ளி உட்கார்ந்தால் எடை குதிகாலுக்குப் போய்விடும், மேலே சொன்ன அந்தக் குறுகிய திசையில் நீங்களே உங்களைத் தள்ளிவிடுவீர்கள். கைகள் மார்பு உயரத்தில், விரிந்து. பார்வை ரெயிலின் முடிவில். பார்வையைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாப் பயிற்சியாளர்களும் ஒரே குரலில் சொல்வார்கள், ஆனால் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் நம்புவது எளிய காரணம்: காலைப் பார்த்தால் தலை குனியும், தலை கனமானது, அதோடு தோளும் இறங்கும்.

திரும்பும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குதித்து 90 டிகிரி திரும்பும்போது முழு உடம்பையும் ஒரே கட்டையாகச் சுழற்றினால் அந்தச் சுழற்சி ரெயிலில் நிற்காது, ஏனென்றால் நிறுத்துவதற்கு அங்கே உராய்வு இல்லை. 90 டிகிரி 120 ஆகும், ஸ்கீயின் முனை பின்னால் போகும், நீங்கள் திகைப்பீர்கள். கால்கள் 90 டிகிரி திரும்பட்டும், மார்பு பாதி திரும்பினால் போதும், கொஞ்சம் போகும் திசையைப் பார்த்தபடியே இருக்கட்டும். இடுப்பில் உண்டாகும் அந்த முறுக்கு சுழற்சியைப் பிடித்து நிறுத்தும். ரெயில் முடியும்போது ஸ்கீயை மறுபடி நேராகக் கொண்டுவரவும் அதே முறுக்குதான் உதவும். அதைக் கட்டாயம் கொண்டுவந்தாக வேண்டும். ரெயில் முடிந்த இடத்தில் பனியின் சட்டம் திரும்ப வந்துவிடும்: தட்டையாக, குறுக்காக இறங்கினால் எட்ஜ் சிக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் எந்தக் கால் முன்னே என்று கண்டுபிடியுங்கள். வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிவந்து பக்கவாட்டில் சறுக்கிப் பாருங்கள். யோசிக்காமல் எந்தக் கால் முன்னே போகிறதோ அதுதான் உங்கள் பக்கம். மறுபக்கத்தை அப்புறம் பழகலாம், ஆனால் ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள், பிறகு அதைத் தொடவே மனம் வராது. அடுத்து, சமதளப் பனியில் ஒரு கோடு கிழித்து, ஸ்கீயை அந்தக் கோட்டின் மேல் நேராக வைத்து நின்ற இடத்திலேயே குதித்து 90 டிகிரி திரும்புங்கள். கோடு இரண்டு பூட்டின் நடுவிலும் போகிறதா, ஸ்கீ இரண்டும் ஒரே நேரத்தில் தட்டையாக இறங்கியதா என்று பாருங்கள். நகராமல் செய்வதால் இங்கே எட்ஜ் சிக்கும் பயமில்லை. பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இதைச் சலிக்காமல் செய்தவர்கள் ரெயிலில் சீக்கிரம் நிற்கிறார்கள். பிறகு, பனியோடு ஒட்டி மேடு கட்டிய அகலமான பாக்ஸ். அதில் நேராகப் போங்கள், பிறகு 45 டிகிரி, பிறகு முழுக் குறுக்கு. பாக்ஸின் மேல்பகுதி பிளாஸ்டிக், அகலமும் தாராளம், ஆகவே இங்கே கோணல் கொஞ்சம் மன்னிக்கப்படும், சாய்வு மன்னிக்கப்படாது. தட்டையான ஸ்கீயைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. பாக்ஸில் குறுக்காகச் சறுக்கி, முடிவில் நீங்கள் நினைத்த நேரத்தில் நேராகத் திரும்ப முடிகிறது என்றால் மேல்பகுதி பட்டையான, படுக்கையான குட்டி ரெயிலுக்குப் போகலாம். உருண்டைக் குழாய், சரிந்த ரெயில், நடுவில் மடிப்பு வைத்த ரெயில் எல்லாம் அதற்குப் பிறகு. தாவிப் பிடிக்க வேண்டிய இடைவெளி வைத்த ரெயில் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

பேலன்ஸ் போர்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். பேலன்ஸ் பயிற்சி பற்றிய ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது, எதைப் பழகுகிறோமோ அதில்தான் முன்னேற்றம் பெரிதாக வருகிறது, பழகாத வேறொரு பேலன்ஸ் வேலைக்கு அது கொஞ்சம்தான் கைமாறுகிறது என்பது. அந்தப் பலகையில் நிற்பதில் நீங்கள் கெட்டிக்காரர் ஆவீர்கள், அது நிச்சயம். ரெயிலுக்கு எவ்வளவு உதவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பூட் இல்லாமல் கணுக்காலால் சமாளித்துப் பழகுவது, கணுக்கால் கட்டுண்ட இடத்தில் எவ்வளவு உதவும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. கால் வலுவுக்கும், சீசன் இல்லாத மாதங்களில் உற்சாகம் குறையாமல் இருக்கவும் வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள். இந்தப் பிரச்சினைக்கு மருந்தாக வாங்காதீர்கள். அதைவிட, பூட் மாட்டி ஸ்கீயும் போட்டுக்கொண்டு பழைய தடித்த கம்பளத்தின் மேல் 90 டிகிரி குதிப்பது நேரடியான பழக்கம்.

ஸ்கீயைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அதுவும் கணக்கில் வரும். 1990-களின் இறுதியில் சாலமன் நிறுவனத்தின் டென்எய்ட்டி போன்ற, இரு முனையும் வளைந்த ட்வின் டிப் ஸ்கீகள் வந்தபிறகுதான் இந்த விளையாட்டு இன்றைய உருவத்துக்கு வந்தது. இன்றைய பார்க் ஸ்கீகளில் பைண்டிங்கை (பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் கருவி) நடுவுக்கு அருகில் பொருத்துகிறார்கள், அதனால் ரெயிலுக்கு இருபுறமும் ஸ்கீயின் நீளமும் எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சாதாரண ஸ்கீயில் பைண்டிங் பின்னால் இருப்பதால் முன்பக்கம் நீண்டு கனத்திருக்கும். கற்க முடியாது என்றில்லை, கொஞ்சம் சிரமம். மிகச் சரியாக நடுவிலா, ஓரிரு சென்டிமீட்டர் பின்னாலா என்பது ருசியைப் பொறுத்தது, அதில் ஒரே விடை இல்லை. எட்ஜ் விஷயத்தில், காலுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் கொஞ்சம் மழுக்கிவிடுவது பார்க்கில் வழக்கம். ரெயிலில் அடிபட்டு எட்ஜில் எழும் சொரசொரப்பான பிசிறுகளைக் கல்லால் தேய்த்து எடுத்துவிடுவது மிகவும் அவசியம், மடிப்புகளில் சிக்குவது அந்தப் பிசிறுகள்தான். எவ்வளவு மழுக்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதே ஸ்கீயில்தான் உறைபனிச் சரிவிலும் இறங்குவீர்கள் என்றால் குறைவாகவே மழுக்குங்கள், அங்கே அந்த எட்ஜ் வேண்டும். பைண்டிங் கழன்றுவிடுகிறதே என்று அதன் விடுவிப்பு அளவை நீங்களாக ஏற்றாதீர்கள். அது உங்கள் முழங்காலைக் காப்பதற்காக இருக்கிறது. கடையில் இருக்கும் டெக்னீஷியனிடம் விடுங்கள்.

விழுவதற்கும் பழக்கம் வேண்டும். ரெயிலில் மோசமான அடி, ரெயில் மேலேயே விழுவதால் வருவது. பனியில் விழுவது பெரும்பாலும் அவ்வளவு இல்லை. ஆகவே போய்விட்டது என்று தோன்றிய கணமே காப்பாற்றப் போராடாமல் பக்கவாட்டில் குதித்து வெளியேறுங்கள், ஸ்கீயை நேராக்கிப் பனியில் இறங்குங்கள். பாக்ஸில் போகும்போதே, நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் வேண்டுமென்றே நடுவில் குதித்து இறங்கிப் பழகுங்கள், இரு பக்கமும். ஹெல்மெட் இல்லாமல் பார்க்குக்குள் வராதீர்கள், இடுப்பிலும் வால் எலும்பிலும் பஞ்சு வைத்த உள்கால்சட்டை போடுங்கள், ஊன்றுகோல் (போல்) வைத்திருந்தால் மணிக்கட்டு வாரை மாட்டாதீர்கள். முதல் சுற்றில் ரெயில் பக்கமாக இறங்கி, ஏறும் மேடும் இறங்குமிடமும் இன்று எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். காலையில் உறைந்த மேடும் மதியம் இளகிய மேடும் ஒரே வேகத்தைத் தராது.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு எண் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் உங்களைப் பார்க்காமல் சொல்கிறார்கள். நானும் உங்களைப் பார்க்கவில்லை, எழுதியதை வைத்துத்தான் இவ்வளவும். ஒரு நண்பரை ரெயிலுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் சாய்வு தெரியாது. ஸ்கீ ரெயிலைத் தொடும் கணத்தில் நிறுத்தி, தோள்கோடு ரெயிலுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இணையாக இருந்தும் கால் ஓடுகிறது என்றால் என் கணிப்பு தவறு, அப்போது ஏறும் கோட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்கான வீடியோவை ரெயிலின் பின்னாலிருந்து எடுங்கள். கடைசியாக, இரண்டு வாரம் முன்பு பட்ட அடி உட்காரும்போது இன்னும் வலிக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் மருத்துவன் அல்ல. ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சரி என்ற பிறகு பாக்ஸில் தொடங்குங்கள்.